இலுப்பூரில் ஒரு மஞ்சள் மூங்கில்

"ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை" என்பது நம் பழமொழி. ஆலை என்றால் கரும்பாலை. கரும்புக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்குப் பஞ்சமான சீமையில் கரும்பை நினைத்து ஏங்குவானேன்? இருக்கிற இலுப்பைப் பூவை வாயில் போட்டுக்கொண்டு திருப்தியாக இருக்க வேண்டியதுதான் என்பது அதன் தாத்பரியம். இலுப்பையைத் தன் பெயரிலேயே சூடிக்கொண்டிருக்கும் இலுப்பூருக்குப் போய், கரும்பின் நெருங்கிய உறவினரான மூங்கிலைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நம் ஓவியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொட்டல் காட்டுக்குப் படகு வாங்கப் போகிறீர்களாக்கும்!" என்றார். இருந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே புறப்பட்டுவிட்டார்.

திருச்சியிலிருந்து மதுரைச் சாலையில் சுமார் 30 கிலோ மீட்டர் போனால் விராலிமலை. மலைமேல் முருகன், மலையைச் சுற்றி அவருடைய வாகனங்கள். குறவஞ்சி ஆட்டத்துக்குப் பெயர் போன ஊர். குறி சொல்ல வரும் குறத்தியின் இடுப்பில் இருப்பது மூங்கில் கூடைதானே! சகுனம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, அங்கிருந்து தென்கிழக்கே பிரியும் சாலையில் திரும்பினோம். செம்மண் பூமி. ஆங்காங்கே மொட்டைப் பாறைகள், கருவேலஞ் செடிகள், வரிசை பிடித்து நிற்கும் தைல மரங்கள், நடுவே கண்மாய்கள். பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்த பூமி இது. 1948-இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. 1974-இல் புதுக்கோட்டை தனி ஜில்லாவாயிற்று. இலுப்பூர் இப்போது ஒரு வட்டத்தின் தலைநகர். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மனம் வைத்தால்தான் இங்கே கண்மாய்க்கும் கிணற்றுக்கும் வாழ்வு.

இதே சாலையில் அன்னவாசலைத் தாண்டினால் சித்தன்னவாசல். அங்கே குடைவரைக் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளத்தையே தீட்டி வைத்திருக்கிறார்கள். 9-ஆம் நூற்றாண்டு ஓவியம் என்பார்கள். குளத்தில் மீன் துள்ளுகிறது, யானை இறங்குகிறது, ஒருவர் பூப் பறிக்கிறார். வெளியே பாறை அனலாய்க் கொதிக்கிறது. உள்ளே அண்ணாந்து பார்த்தால் தண்ணீரும் பச்சை இலையும்! வறண்ட பூமியில் வாழ்கிறவர்களுக்குத்தான் பசுமையின் அருமை தெரியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அந்த ஏக்கம் இன்னும் தீரவில்லை என்பதை இலுப்பூரில் நாங்கள் இறங்கிய வீட்டில் கண்டோம்.

விழுந்த வேம்பும் விழாத வெயிலும்

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவருடைய மனைவி, வயதான தாயார், கல்லூரியில் படிக்கும் பெண் என்று அளவான குடும்பம். வீட்டுக்குப் பின்னால், மேற்குப் பார்த்த சமையலறையை ஒட்டி ஒரு பெரிய வேப்பமரம் இருந்ததாம். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்து இந்த ஜில்லாவைத் துவைத்து எடுத்ததே, அன்று அது வேரோடு சாய்ந்துவிட்டது. அன்று முதல் பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் சூரிய பகவான் நேராகச் சமையலறைக்குள் எழுந்தருளிவிடுகிறார்.

"இரண்டு அடுப்பு வேண்டியதில்லைங்க. ஜன்னல் பக்கம் தோசைக் கல்லை வைத்தாலே போதும்" என்றாள் அந்த அம்மாள். புதுக்கோட்டையில் உறவினர் வீட்டில் மஞ்சள் மூங்கில் இருக்கிறதாம். பொன்னை உருக்கி வார்த்த மாதிரி தண்டு. அதில் தூரிகையால் இழுத்தாற்போலப் பச்சைக் கோடுகள். சீக்கிரம் வளரும், மறைப்பாகவும் இருக்கும், பார்க்கவும் லட்சணம். அவர்கள் கிழங்கு தருவதாகச் சொல்லியும் ஆறு மாதம் ஆயிற்று. ஆனால் இங்கே வீட்டு மகாசபையில் தீர்மானம் நிறைவேறவில்லை! மாமியாரும் கணவரும் எதிர்க்கட்சி. எதிர்க்கட்சிக்குள்ளும் காரணங்கள் வேறு வேறு.

"வீட்டிலே மூங்கில் வைக்கலாமா, தம்பி? பாடை கட்டுற சாமானில்லையா அது?" என்று பாட்டி என்னிடம் நியாயம் கேட்டார்.

"பந்தக்கால் நடுவதற்கும் அதைத்தானே பாட்டி தேடுகிறோம்?" என்றேன். பிள்ளைக்குத் தூளிக் கம்பு, அரிசி புடைக்க முறம், பூப் பறிக்கக் குடலை, கல்யாணச் சீருக்குத் தட்டு, கடைசிப் பயணத்துக்கு வாகனம்: மனிதனோடு தொடக்கம் முதல் முடிவு வரை வருகிற பொருள் இது. கல்யாணத்தில் பெரியவர்கள் ஆசீர்வாதம் செய்யும்போது ஆலையும் அருகையும் சொல்லி, மூங்கிலைப் போலச் சுற்றம் சூழ வாழச் சொல்வது நம் வழக்கம். இதில் ஒரு வேடிக்கை. அருகும் மூங்கிலும் ஒரே வம்சம் என்று இன்றைய தாவர நூலார் சொல்கிறார்கள். நெல், கரும்பு, அறுகம்புல், மூங்கில் எல்லாம் புல் குடும்பத்துப் பிள்ளைகள். சட்டம் போடுகிறவர்களுக்கு மட்டும் இது புரிய நாளாயிற்று. 1927-ஆம் வருஷத்து இந்திய வனச் சட்டம் மூங்கிலையும் மரங்களோடு சேர்த்து எழுதியிருந்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரமல்ல என்று 2017-இல்தான் திருத்தம் கொண்டு வந்தார்கள்.

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் தல விருட்சம் மூங்கில்; அந்த ஊருக்கே வேணுவனம் என்று பெயர். திருவள்ளூர்ப் பக்கத்துத் திருப்பாச்சூரிலும் மூங்கில்தான் தல விருட்சம். சிவபெருமான் குடியிருக்கத் தகுந்த நிழல் நமக்கு ஆகாமல் போகுமா? பாட்டி சற்று யோசித்தார். ஆனாலும் கைவசம் இன்னொரு பாணம் வைத்திருந்தார்.

"மூங்கில் பூத்தால் ஊருக்குப் பஞ்சம் வரும் என்பாங்களே?"

பாட்டி சொல்லைத் தட்டாதே

இதைக் கேட்டு நாங்கள் சிரிக்கவில்லை. பாட்டி சொன்னதில் அடிப்படை இருக்கிறது.

பல ஜாதி மூங்கில்கள் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் பூக்கும். மலைப் பக்கத்து முள் மூங்கில் நாற்பது, நாற்பத்தைந்து வருஷம் சும்மா இருந்துவிட்டு, ஒரு வட்டாரம் முழுவதும் சேர்ந்தாற்போலப் பூத்து, விதைத்து, மாண்டுபோகும். அந்த விதைதான் மூங்கில் அரிசி. கீழே கொட்டிக் கிடக்கும் அரிசியைத் தின்று எலிகள் பெருகும். அரிசி தீர்ந்ததும் வயலில் இறங்கும். அன்று அஸ்ஸாமில் மிஸோ ஜில்லாவாக இருந்த இன்றைய மிஸோரத்தில் 1959-இல் இப்படித்தான் பெரும் பஞ்சம் வந்தது. அங்குள்ள மூங்கிலின் கணக்கு ஏறக்குறைய 48 வருஷம். கணக்குத் தவறாமல் 2007-ஐ ஒட்டி மறுபடியும் பூத்தது. முன்னோர் சொன்னது வெறும் பயமல்ல, அனுபவம்.

ஆனால் மஞ்சள் மூங்கில் சமாசாரம் வேறு. அது பூப்பதே அபூர்வம். பூத்தாலும் விதை கட்டுவதில்லை. அப்படியானால் வம்ச விருத்தி எப்படி? மனிதர் கையால்தான். ஒரு வீட்டிலிருந்து கிழங்கையோ கணுவையோ வெட்டி இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தால்தான் உண்டு. காற்று கொண்டு போகாது. பறவை கொண்டு போகாது. இன்று எந்த ஊரில் எந்த மஞ்சள் மூங்கிலைப் பார்த்தாலும், அதற்குப் பின்னால் "இந்தாம்மா, கொண்டுபோய் வை" என்று சொன்ன ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். இதைச் சொன்னதும் பாட்டியின் முகம் மலர்ந்தது. "கறிவேப்பிலைக் கன்று மாதிரிதான்" என்றார்.

பாம்பு வருமே என்று ஒரு கேள்வி பாக்கி இருந்தது. பாம்பு மூங்கிலுக்காக வருவதில்லை, எலிக்காக வருகிறது. அடியில் சருகும் குப்பையும் முழங்கால் உயரம் கிடந்தால் எலி குடியேறும். பின்னாலேயே மற்றவரும் வருவார். உதிரும் இலையை அவ்வப்போது தூரில் மெல்லப் பரப்பி, மேலே ஒரு கூடை மண் போட்டு மூடிவிட்டால் இரண்டு காரியம் ஆகும்: அடி சுத்தமாக இருக்கும், மூங்கிலுக்கு எருவும் ஆகும். வருஷத்துக்கு வருஷம் தூர் மண்ணை விட்டு மேலே எழும்பும் சுபாவம் உடையது. மண் அணைப்பது அதற்கும் நல்லது.

சுவர், கம்பி, கிணறு

இனி ஆசிரியர் தரப்பு. வாத்தியாராயிற்றே, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டுக் கேட்டார்.

"ஒன்று, சுற்றுச் சுவர் வெடிக்குமா?"

மூங்கிலில் இரண்டு குணம் உண்டு. ஒன்று, இருந்த இடத்தில் கூட்டமாகப் பெருகும்; மற்றொன்று, பூமிக்கடியில் கிழங்கை நீளமாக ஓடவிட்டு அடுத்த வீட்டில் போய்த் தலை நீட்டும். சீனா, ஜப்பான் பக்கத்துக் குளிர்நாட்டு ஜாதிகளில் பல இந்த ஓட்டக்காரர்கள். நம் நாட்டு மூங்கில்களில் பெரும்பாலானவையும் மஞ்சள் மூங்கிலும் முதல் ரகம், கூட்டுக் குடும்பம். ஆனால் கூட்டுக் குடும்பத்துக்கும் இடம் வேண்டும் அல்லவா? சுவரை ஒட்டி வைத்தால் தூர் பருத்துச் சுவரை நெட்டத்தான் செய்யும். குறைந்தது 6 அடி, முடிந்தால் 8 அடி தள்ளி வைக்க வேண்டும். சாக்கடைக் குழாய், கழிவுத் தொட்டி பக்கம் போகவே கூடாது.

"இரண்டு, எவ்வளவு உயரம் வரும்?"

இதைத்தான் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். நல்ல மண்ணும் நீரும் கிடைத்தால் மஞ்சள் மூங்கில் 30 அடிக்குக் குறையாது. 60 அடிகூடப் போகும். செம்மண் பூமியில் அவ்வளவு இராது என்றாலும், மின்சாரக் கம்பிக்கு அடியில் வைப்பது ஆபத்து. வளைந்து ஆடுவதுதான் மூங்கிலின் அழகு. கம்பிக்கு அந்த அழகு ஆகாது.

"மூன்று" என்று சொல்லிவிட்டு அவர் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். எட்டிப் பார்த்தோம். அடியில் ஒரு வட்டமாக வானம் தெரிந்தது. "பங்குனி, சித்திரையில் குடத்தைச் சாய்த்துச் சாய்த்துத்தான் எடுக்கணும். எனக்கும் பசுமை பிடிக்கும். ஆனால் வீட்டுக்கு இல்லாத தண்ணீரை மூங்கிலுக்கு ஊற்றச் சொல்கிறாள் இவள். நீங்களே சொல்லுங்கள்."

இதற்கு எங்களிடம் பதில் இல்லை. பதில் அந்த அம்மாளிடம் இருந்தது. பேசாமல் போய்ச் சமையலறைத் தொட்டியில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினாள். அது குழாய் வழியே வெளியே வந்து, சிமெண்டுக் கால்வாயில் ஓடித் தெருச் சாக்கடையில் விழுந்தது.

"அரிசி களைகிறது, காய் கழுவுகிறது, பாத்திரம் அலம்புகிறது என்று தினமும் இப்படிப் போகிறதே, இதற்கு யார் கணக்கு எழுதுவது?" என்றாள்.

ஆசிரியர் கணக்கு எழுதினார். நிஜமாகவே எழுதினார்! ஒரு நாளைக்கு எட்டுக் குடம். வேர் பிடிக்கும் வரைக்கும் கோடைக் காலத்திலும் ஒரு மூங்கில் தூருக்கு இது தாராளம். பாத்திரம் துலக்கும் தூள் கொஞ்சமாக இருந்தால் பாதகமில்லை. வாஷிங் மெஷின் தண்ணீரையும் ப்ளீச்சிங் பவுடர் கலந்த நீரையும் மட்டும் விடக்கூடாது.

எந்த வீட்டுக்கு எந்த மூங்கில்?

வாசகிகள் எல்லாருக்கும் இலுப்பூர் வீட்டைப் போல விசாலமான பின்கட்டு இருக்காது. நர்சரிக்குப் போய் விலையைக் கேட்குமுன் வீட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது உத்தமம்.

பத்தடிக்குப் பத்தடியாவது காலி இடமும் மேலே திறந்த வானமும் இருந்தால் மஞ்சள் மூங்கில் வைக்கலாம்.

அவ்வளவு இடம் இல்லை, மறைப்பு மட்டும் வேண்டும் என்கிறவர்களுக்குச் சீன தேசத்து வேலி மூங்கில் உகந்தது. தண்டு விரல் பருமன்தான். 10 முதல் 20 அடி வரை போகும். கத்தரித்து ஆறடியிலும் நிறுத்தலாம். மூன்று நான்கு அடிக்கு ஒன்றாக வைத்தால் சில வருஷங்களில் பச்சைத் திரை தொங்கவிட்டது போலாகிவிடும். சுவரிலிருந்து மூன்றடி போதும்.

மாடி வீட்டுக்காரர்களுக்குத் தொந்தி மூங்கில் இருக்கிறது. சிரிக்கும் புத்தரின் வயிற்றைப் போலக் கணுவுக்குக் கணு புடைத்திருக்கும். இதன் குணம் விசித்திரமானது. குறுகிய தொட்டியில் வைத்து, தண்ணீரைச் சிக்கனமாக ஊற்றினால் தொந்தி வைக்கும். நிலத்தில் நட்டு நன்றாகப் போஷித்தால் தொந்தி கரைந்து, ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்ந்துவிடும். நம் வீட்டு ஆண்களுக்கு நேர் விரோதம் என்று ஓவியர் குறித்துக்கொண்டார்.

வரவேற்பறையில் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் சிவப்பு நாடா கட்டி வைக்கிறார்களே, 'அதிர்ஷ்ட மூங்கில்', அது மூங்கிலே அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த டிரசீனா என்ற செடி. அதிர்ஷ்டம் வருகிறதோ இல்லையோ, மூங்கில் வரப்போவதில்லை!

நடும் பக்குவம்

நம் பக்கத்தில் வடகிழக்கு மழைக்குச் சற்று முன்னால், புரட்டாசியில் நடுவது நலம். இரண்டடி நீளம், அகலம், ஆழத்தில் குழி வெட்டி ஒரு வாரம் ஆறவிடுங்கள். வெட்டின மண்ணோடு மக்கிய சாணி எருவும், கிடைத்தால் கண்மாய் வண்டலும் கலந்து நிரப்புங்கள். ஒன்றிரண்டு வயதுக் கழியைக் கிழங்கோடு பெயர்த்து, நாலடி விட்டு மேல் பாகத்தை வெட்டி நடலாம். கிழங்கு கிடைக்காவிட்டால், முளைக் கண் உள்ள இரண்டு மூன்று கணு நீளத்துக்குக் கழியை வெட்டி, மேட்டுப் பாத்தியில் படுக்க வைத்து, மெல்லிய மண் போர்வை போர்த்தித் தண்ணீர் தெளித்து வாருங்கள். மஞ்சள் மூங்கில் இப்படியே வேர் பிடித்துவிடும்.

பிறகு பொறுமை வேண்டும். முதல் இரண்டு வருஷம் குச்சி குச்சியாக வரும், "இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். மூங்கில் முதலில் பூமிக்குள் சொத்துச் சேர்க்கிறது. ஒரு கழி பிறக்கும்போது என்ன பருமனோ அதே பருமன்தான் ஆயுள் முழுவதும். சில மாதங்களில் முழு உயரத்தையும் எட்டிவிடும். இலங்கையில் பேராதனைப் பூந்தோட்டத்து ராட்சத மூங்கில்கள் மழைக் காலத்தில் நாளொன்றுக்கு ஒரு சாணுக்கு மேல் வளர்வதுண்டு. நம் வீட்டு மூங்கிலும் வருஷா வருஷம் முந்தினதை விடப் பருத்த குருத்தாக விடும். நான்காம், ஐந்தாம் வருஷத்தில்தான் அதன் உண்மையான அழகு தெரியும்.

அப்போது கத்தியும் எடுக்க வேண்டும். மூன்று வயது தாண்டிய கழிகளை, தை, மாசியில் உட்புறத்திலிருந்து வெட்டி எடுத்துவிடுங்கள். எட்டுப் பத்துக் கழி நின்றால் போதும். காற்றும் வெளிச்சமும் உள்ளே போகும். மழைக் காலத்தில் குருத்து வரும் சமயம் தூரில் கை வைக்காதீர்கள். வெட்டும்போது கணுவுக்குச் சற்று மேலே ஒட்ட வெட்ட வேண்டும். கணுவுக்கு மேல் நீட்டி விட்டால் அது ஒரு கிண்ணம். அதில் மழைத் தண்ணீர் நின்றால் கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி! வெட்டிய கழியைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்தால் சுலபத்தில் உளுக்காது. துணிக்கொடி, அவரைப் பந்தல் என்று வேலைக்கா பஞ்சம்?

இரண்டு குழிகள்

மறுநாள் காலை ஆசிரியர் சணல் கயிறும் முளைக்குச்சியும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார். சுவரிலிருந்து எட்டடி, மின்கம்பியிலிருந்து தள்ளி, சமையலறைக் கால்வாய் எட்டும் தூரத்தில் ஒரு வட்டம் போட்டார். பெண், கைப்பேசியைப் பிடித்து, மூன்று மணி வெயில் எந்தச் சாய்வில் வருகிறது என்று பார்த்துச் சொன்னாள். வட்டம் ஒன்றரை அடி வடக்கே நகர்ந்தது. தீர்மானம் நிறைவேறியது.

ஆனால் பாட்டி ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தென்மேற்கு மூலையைக் காட்டி, "அங்கே இன்னொரு குழி வெட்டு. ஓர் இலுப்பைக் கன்று வை" என்றார்.

"அது எப்போ அத்தை நிழல் தரப் போகிறது?" என்றாள் மருமகள்.

"உனக்கு அவசரம், மூங்கில் வை. என் பேத்தியோட பேரனுக்கு என்ன அவசரம்?"

இலுப்பை மெல்ல வளரும். வளர்ந்தால் தலைமுறைகளுக்கு நிற்கும். அதன் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயில்தான் ஒரு காலத்தில் கோயில் விளக்குகள் எரிந்தன. புயலில் போன வேம்புக்கு ஈடாக, சீக்கிரம் வருவது ஒன்று, நிதானமாக வருவது ஒன்று. இந்த ஏற்பாட்டை விடச் சிறந்த தோட்டக் கலை எனக்குத் தெரியவில்லை.

தோட்டம் போட விரும்பும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மூங்கிலை இடம் பெயர்ப்பது லேசான காரியமல்ல. குழி வெட்டப் பாதி நாள் போதும். வெட்டிய குழியில் வைத்த தூரோ உங்களுக்குப் பின்னும் அங்கேயே நிற்கக்கூடியது. ஆகையால் முதல் செலவு பணமாக இருக்க வேண்டாம், ஒரு நாள் பொழுதாக இருக்கட்டும். காலையில் ஒரு முறை, நடுப் பகலில் ஒரு முறை, மூன்று மணிக்கு ஒரு முறை பின்கட்டில் போய் நின்று, வெயில் எங்கே விழுகிறது, வீட்டுத் தண்ணீர் எங்கே போகிறது, தலைக்கு மேல் என்ன இருக்கிறது, சுவருக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு அளவு நாடாவை எடுங்கள். நாலைந்து வருஷம் கழித்து, பொன்னிறத் தண்டு நாலு சேர்ந்து நிற்கும்போது யாராவது வந்து ஆசையோடு பார்ப்பார்கள். அவர்களுக்கு ஒரு கிழங்கைப் பெயர்த்துக் கொடுங்கள். மஞ்சள் மூங்கிலுக்கு ஊர் விட்டு ஊர் போக வேறு வழி கிடையாது.